குதிகாலுக்கு மேலேயும் பாருங்கள்: எலும்பு மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் குழந்தைகளுக்குக் கால் அறுவை சிகிச்சை செய்யும் எலும்பு மருத்துவர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். தென் மாவட்டம் ஒன்றில் பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்சி, மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் தசைகள் சரியாக இயங்காத நிலை) உள்ள குழந்தைகளோடு பல வருடங்களாக வேலை செய்கிறேன். நீங்கள் அறுவை செய்து அனுப்பும் பிள்ளைகள் மாவுக்கட்டோடு வந்து சேர்வது எங்களைப் போன்றவர்களிடம்தான். ஆறு வயதில் எப்படி நடந்தார்கள், பதினாறு வயதில் எப்படி நடக்கிறார்கள் என்று இரண்டையும் பார்க்கும் வாய்ப்பு உங்களைவிட எங்களுக்கு அதிகம். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். இரண்டு காலும் இறுகிப்போன, ஸ்பாஸ்டிக் டைப்ளீஜியா உள்ள நாலைந்து வயதுக் குழந்தை நுனிக்காலில் நடந்து உங்கள் ஓ.பி.க்கு வருகிறது. குதிகால் தரையில் படவில்லை. தேதி கொடுத்து, குதிகால் தசைநாரை நீட்டி, மாவுக்கட்டுப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். முழங்காலையும் இடுப்பையும் பார்க்காமல், இவ்வளவு சின்ன வயதில், இந்த ஓர் அறுவையை மட்டும் தனியாகச் செய்வதை நிறுத்துங்கள். என் கோரிக்கை இதுதான்.

இது ஏன் தொடர்ந்து நடக்கிறது என்று எனக்குப் புரியாமல் இல்லை. சின்ன அறுவை, சீக்கிரம் முடிகிறது, பெரிதாக ரத்தமும் போகாது. கட்டைப் பிரித்ததும் குதிகால் தரையில் படுகிறது. வருடக்கணக்காக நுனிக்கால் நடையையே பார்த்துச் சோர்ந்த அம்மாவுக்கு அன்றைக்கு வருகிற சந்தோஷம் உண்மையானது. அந்தச் சந்தோஷத்தோடு அவர்கள் ஊருக்குப் போய்விடுகிறார்கள். பிரச்சினை தலைகாட்டுவது சில வருடம் கழித்து. அப்போது அவர்கள் உங்களிடம் திரும்பி வருவதில்லை. வந்தாலும் வேறு மருத்துவரிடம் வேறு நோட்டோடு வருகிறார்கள்.

என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். இந்த மடலைப் பெற்றோர்களும் படிப்பார்கள் என்பதால் விரித்துச் சொல்கிறேன். கெண்டைக்காலில் இரண்டு முக்கியமான தசைகள் உண்டு. மேலே இருக்கும் காஸ்ட்ராக்னீமியஸ் முழங்காலைத் தாண்டிப்போய்த் தொடை எலும்பில் ஒட்டியிருக்கிறது. அதற்கு அடியில் இருக்கும் சோலியஸ் முழங்காலைத் தொடுவதே இல்லை. இரண்டும் கீழே வந்து ஒரே தசைநாராகக் குதிகாலில் சேர்கின்றன. நாம் ஒரு காலை ஊன்றி மற்ற காலை முன்னால் வைக்கும்போது, ஊன்றிய காலில் முழங்காலுக்குக் கீழே இருக்கும் முன்னெலும்பு முன்பக்கமாகச் சாய்ந்துவிடாமல் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வது பெரும்பாலும் சோலியஸ்தான். அது பிடித்துக்கொண்டால் முழங்கால் தானாக நிமிர்ந்து நிற்கும். தொடைத்தசைக்கு அதிக வேலை இருக்காது.

டைப்ளீஜியா குழந்தைகள் பலருக்கு உண்மையில் குறுகிப்போயிருப்பது காஸ்ட்ராக்னீமியஸ் மட்டும்தான். சோலியஸ் ஓரளவு சரியான நீளத்தில் இருக்கும், ஆனால் பலம் குறைவு. குதிகாலுக்கு மேலே தசைநாரை நீட்டினால் இரண்டுமே தளர்ந்துவிடுகின்றன. பலம் குறைந்த சோலியஸுக்கு இருந்த பிடியும் போகிறது. முன்னெலும்பு முன்னால் சாய்கிறது, முழங்கால் மடங்குகிறது, முழங்கால் மடங்கினால் இடுப்பும் மடங்கியே தீரும். இதைத்தான் க்ரவுச் நடை என்கிறோம். குழந்தை சின்னதாக, எடை குறைவாக இருக்கும்வரை தொடைத்தசை எப்படியோ தாங்கிவிடும். 12, 13 வயதில் உயரமும் எடையும் ஏறும்போது தாங்க முடிவதில்லை. முழங்கால் சில்லு மேலே ஏறிப்போகிறது, வலி வருகிறது, பள்ளிக்கூட மாடிப்படி ஏறுவது நின்றுபோகிறது.

என்னிடம் வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். சின்ன வயதில் இரண்டு குதிகாலிலும் அறுவை நடந்திருந்தது. எங்கே, யார் என்பது இங்கே தேவையில்லை. அம்மா வைத்திருந்த பழைய போட்டோவில் அந்தப் பிள்ளை நுனிக்காலில், ஆனால் நிமிர்ந்து, கையில் எதையும் பிடிக்காமல் வீட்டு வாசலில் நிற்கிறாள். ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் வந்தபோது பாதம் முழுக்கத் தரையில் பட்டிருந்தது. முழங்கால்கள் நாற்காலியில் பாதி உட்கார்ந்ததுபோல் மடங்கியிருந்தன. பத்தடி நடந்தாலே தொடை நடுங்கியது. அறுவைக்கு முன்னால் எடுத்த எக்ஸ்ரே எதுவும் இல்லை, நடையின் வீடியோவும் இல்லை. முழங்கால் பின்தசை இறுக்கம் எவ்வளவு இருந்தது என்று எழுதிய ஒரு வரிகூட அந்தப் பேப்பர்களில் இல்லை. “அப்பவே நடந்துக்கிட்டுத்தானே இருந்தா, எதுக்கு ஆபரேஷன் பண்ணோம்” என்று அந்த அம்மா கேட்டார். பதில் சொல்ல வேண்டியவர் அந்த அறையில் இல்லை.

இந்த வெட்டுக்கு நீண்ட சரித்திரம் உண்டு. வில்லியம் லிட்டில் என்ற ஆங்கிலேய மருத்துவருக்குச் சிறுவயதில், போலியோவால் என்று கருதப்படும் பாதக்கோணல் வந்திருந்தது. 1836-ல் ஜெர்மனியின் ஹனோவரில் ஸ்ட்ரோமேயர் என்ற மருத்துவரிடம் போய்த் தன் குதிகால் தசைநாரையே அறுத்துச் சரிசெய்துகொண்டார். பிறகு அதே முறையை லண்டனுக்குக் கொண்டுவந்தார். பெருமூளை வாதத்தை விரிவாக விவரித்து எழுதியவரும் அவர்தான். ரொம்ப காலத்துக்கு அந்த நிலைக்கு அவர் பெயரே வழங்கியது. போலியோவுக்கும் பெருமூளை வாதத்துக்கும் ஒரே கத்தி என்ற பழக்கம் இவ்வளவு பழையது.

நம் ஊரிலும் ஒரு தலைமுறை எலும்பு மருத்துவர்கள் போலியோ கால்களில்தான் கை பழகினார்கள். எத்தனையோ பிள்ளைகளை அவர்கள் எழுந்து நடக்க வைத்தார்கள், அந்த உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். அந்த மூத்தவர்களுக்கு ஒரு விஷயம் மிக நன்றாகத் தெரியும். தொடைத்தசை பலமில்லாத போலியோ குழந்தைக்குக் குதிகால் கொஞ்சம் இறுகியிருந்தால், அந்த இறுக்கமே முழங்காலை மடங்காமல் தாங்கும். அதை முழுக்க எடுத்துவிட்டால் பிள்ளை விழும். எவ்வளவு விட்டுவைக்க வேண்டும் என்று யோசித்துத்தான் அவர்கள் கத்தியை எடுத்தார்கள். 2014-ல் இந்தியா போலியோ இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. அறுவை மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது, அந்த யோசனை கூடவே வரவில்லையோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. பெருமூளை வாதத்தில் விஷயம் இன்னும் சிக்கல். போலியோவில் தசை தளர்ந்திருக்கும், மூளையின் கட்டளை சரியாக இருக்கும். இங்கே தசை இறுகியும் இருக்கிறது, பலவீனமாகவும் இருக்கிறது. எந்தத் தசை எப்போது வேலை செய்ய வேண்டும் என்ற கட்டளையே குழம்பியிருக்கிறது. எந்தக் கத்தியும் அந்தக் கட்டளையைச் சரிசெய்யாது.

சரி, நுனிக்காலில் வரும் குழந்தைக்கு என்ன செய்வது? முதலில் அது உண்மையான நுனிக்கால் நடைதானா என்று பார்க்க வேண்டும். முழங்கால் மடங்கியே இருக்கும் குழந்தைக்குக் கணுக்கால் 90 பாகையில் சரியாக இருந்தாலும் குதிகால் தரையில் படாது. அதற்குக் குதிகாலில் கை வைப்பது தவறான இடத்தில் வைத்தியம் பார்ப்பது. அடுத்து, குழந்தையைப் படுக்க வைத்து முழங்காலை மடக்கி ஒரு முறை, நீட்டி ஒரு முறை பாதத்தை மேலே தூக்கிப் பார்க்கும் பழைய சோதனை. மடக்கும்போது பாதம் மேலே வந்து, நீட்டும்போது வராவிட்டால் குறுகியிருப்பது காஸ்ட்ராக்னீமியஸ் மட்டுமே. அதை மட்டும் மேலே தளர்த்தும் முறைகள் உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும், கருவி எதுவும் வேண்டாம். கூட்டம் நெருக்கும் ஓ.பி.யில் ஐந்து நிமிடமும் பெரிதுதான். அப்படியென்றால் எங்களிடம் அனுப்புங்கள், அளந்து எழுதி அனுப்புகிறோம்.

ஒரு பக்கம் மட்டும் பாதித்த ஹெமிப்ளீஜியா குழந்தைகளை இதில் நான் சேர்க்கவில்லை. அவர்களில் பலருக்கு இரண்டு தசையுமே குறுகியிருக்கும், குதிகால் நீட்டுதல் சரியான வைத்தியமாகவே இருக்கும். இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதுதான் தப்பு.

வயதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எலும்பு வளரும் வேகத்துக்கு இறுகிய தசை வளர்வதில்லை. நாலு வயதில் நீட்டிய தசை எட்டு வயதில் மறுபடி குறுகலாம். அதிகமாக நீட்டியிருந்தால் க்ரவுச் வரலாம். இரண்டு பக்கமும் இடி. ஆறு வயதுக்கு முன்னால் தசை இறுக்கத்தைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி, வாராவாரம் மாற்றும் மாவுக்கட்டு, கணுக்காலைத் தாங்கும் ஏ.எஃப்.ஓ. ஸ்பிளிண்ட், பயிற்சி என்று நாளைத் தள்ளிப்போட வழிகள் இருக்கின்றன. காத்திருப்பதும் ஒரு வைத்தியம் என்று பெற்றோரிடம் நீங்கள் சொன்னால் நம்புவார்கள். நாங்கள் சொன்னால் “தெரபியே பண்ணிக்கிட்டு இருக்கச் சொல்றாங்க” என்று வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறார்கள்.

கனடாவின் டொரண்டோவில் மெர்சர் ராங் என்ற குழந்தைகள் எலும்பு மருத்துவர் இருந்தார். இந்த வருடம் கணுக்கால், அடுத்த வருடம் முழங்கால், அதற்கடுத்த வருடம் இடுப்பு என்று ஒவ்வொரு பிறந்தநாளையும் ஆஸ்பத்திரியில் கழிக்கும் குழந்தைகளைப் பார்த்து அதற்குப் ‘பிறந்தநாள் சிண்ட்ரோம்’ என்று பெயர் வைத்தார். அதிலிருந்து வெளியே வர உலகம் கண்ட வழி, முழுக் காலையும் சேர்த்துத் திட்டமிட்டு ஒரே மயக்கத்தில் செய்யும் பலநிலை அறுவை. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் ஜேம்ஸ் கேஜும் அவருடைய குழுவும் நடையைக் கருவிகளால் அளந்து இதை வளர்த்தெடுத்தார்கள். தசையை மட்டும் பார்த்தால் போதாது, எலும்பையும் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் அழுத்திச் சொன்னது. தொடை எலும்பு உள்பக்கம் திரும்பியிருந்தால், முன்னெலும்பு வெளிப்பக்கம் முறுகியிருந்தால், பாதம் தட்டையாகி வெளியே சரிந்திருந்தால், எந்தத் தசையை எவ்வளவு நீட்டினாலும் அதன் விசை போக வேண்டிய திசையில் போகாது. அந்த எலும்பைத் திருப்பி வைப்பது, பாதத்தைக் கட்டுக்குள் கொண்டுவருவது, முழங்கால் பின்தசையை அளவாகத் தளர்த்துவது, தேவைப்பட்டால் தொடை முன்தசை ஒன்றை இடம் மாற்றுவது எல்லாம் ஒரே திட்டத்தில் வரவேண்டும். பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குள், நடை ஒரு நிலைக்கு வந்த பிறகு.

மெல்போர்னில் 19 டைப்ளீஜியா குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2011-ல் வெளிவந்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் அறுவை செய்துகொண்டவர்களையும் செய்துகொள்ளாதவர்களையும் சீட்டுப்போட்டுப் பிரித்து ஒப்பிட்டது அபூர்வம். பலநிலை அறுவை செய்த குழந்தைகளின் நடை ஒரு வருடத்தில் தெளிவாக மேம்பட்டது. ஆனால் நிற்பது, ஏறுவது, ஓடுவது போன்ற மொத்த இயக்கத் திறனில் முதல் வருடம் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டாம் வருடத்தில்தான் முன்னேற்றம் தெரிந்தது. இந்த ஒரு தகவலைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் எத்தனை கண்ணீர் குறையும் தெரியுமா? அறுவை முடிந்து நாலாவது மாதம், முன்பு நடந்த அளவுகூட நடக்க முடியாமல் பிள்ளை அழும்போது, ஏமாந்துவிட்டோம் என்று நினைத்துப் பயிற்சியையே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

“இதுக்கப்புறம் எல்லாரையும்போல நடப்பானா டாக்டர்?” என்று கேட்கும் அப்பாவுக்கும் நேரான பதில் வேண்டும். கனடாவில் 1997-ல் வெளியிட்ட ஜி.எம்.எஃப்.சி.எஸ். என்ற, குழந்தை எவ்வளவு தானாக இயங்குகிறது என்பதை வைத்த ஐந்து நிலைப் பகுப்பு இன்று உலகம் முழுக்கப் பழக்கத்தில் இருக்கிறது. மூன்றாம் நிலையில் வாக்கரோடு நடக்கும் குழந்தை நல்ல அறுவைக்குப் பிறகும் பெரும்பாலும் மூன்றாம் நிலையிலேயே இருக்கும். நிமிர்ந்து, வலியில்லாமல், கூடுதல் தூரம், கூடுதல் வருடங்கள் நடக்கும். அது பெரிய லாபம். அதை அப்படியே சொல்லுங்கள், குடும்பங்கள் தாங்கிக்கொள்வார்கள்.

நடையை அளக்கும் கெய்ட் லேப் வேலூர், சென்னை போன்ற ஊர்களில்தான் இருக்கிறது, எல்லாரையும் அங்கே அனுப்ப முடியாது என்பீர்கள். உண்மைதான். ஆனால் அரை டிரவுசரோடு, வெறுங்காலோடு, முன்னாலிருந்து ஒன்று, இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொன்று என்று போனில் எடுத்த வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தாலே ஓ.பி. அறையில் தெரியாத பாதி விஷயம் தெரியும். மருத்துவரைக் கண்டதும் குழந்தை பயத்தில் இறுகிப்போகும். வீட்டில் எடுத்த வீடியோவில் அந்தப் பயம் இருக்காது. எங்களைக் கேட்டால் எடுத்துத் தருகிறோம்.

இடுப்பு எக்ஸ்ரே பற்றிச் சுருக்கமாக. பெருமூளை வாதக் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு மெல்ல விலகுகிறது. நடக்கவே முடியாத ஐந்தாம் நிலைக் குழந்தைகளில் 90 சதவீதம் வரை. பெரிதாக விலகும்வரை வலி தெரியாது. தென் ஸ்வீடனில் 1994 முதல் பெருமூளை வாதம் உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் முறையாக எக்ஸ்ரே எடுத்து, விலகத் தொடங்கியதுமே அறுவை செய்தார்கள். முழுதாகக் கழன்றுபோகும் இடுப்புகள் ஏறக்குறைய 10 சதவீதத்திலிருந்து 1 சதவீதத்துக்கும் கீழே வந்தன. எக்ஸ்ரே நம் தாலுகா ஆஸ்பத்திரிகளிலேயே இருக்கிறது. ‘வருடம் ஒரு முறை இரண்டு இடுப்புக்கும் எக்ஸ்ரே’ என்று நோட்டில் ஒரு வரி எழுதினால் போதும், மற்றதைப் பெற்றோர் பார்த்துக்கொள்வார்கள்.

இனி, எந்த வெளிநாட்டுப் புத்தகத்திலும் பெரிதாக இல்லாத ஒன்று. நம் பிள்ளைகள் தரையில் வாழ்கிறார்கள். தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், தரையில் பாய் விரித்துத் தூங்குகிறார்கள், தவழ்ந்து போய்க் கதவைத் திறக்கிறார்கள். பல வீடுகளில் கழிப்பறை குந்தி உட்காரும் வகைதான், அதுவும் வீட்டுக்குப் பின்னால், இரண்டு படி இறங்கி. முழங்கால் எலும்பிலோ பின்தசையிலோ அறுவை நடந்த பிறகு முழங்கால் முழுக்க மடங்குவதற்கு நாளாகும். அந்த மாதங்களில் பத்து வயதுப் பெண்பிள்ளை கழிப்பறைக்கு எப்படிப் போவாள்? யார் தூக்குவது? அம்மா கூலி வேலைக்குப் போகிறவரா? ஒரு கமோடு நாற்காலி வாங்க முடியுமா? தேதி கொடுப்பதற்கு முன்னால் இதைக் கேட்க வேண்டும். தெரியாமல் அனுப்பிவிட்டால், தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு பிள்ளை அவதிப்படுவதை நாங்கள் பார்க்கிறோம். பள்ளி விடுமுறை எப்போது, மழைக்காலமா, பிள்ளைக்கு வலிப்பு மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்பதும் இதோடு சேர்ந்ததே.

காப்பீட்டு அட்டையோடு வரும் குடும்பத்துக்கு அறுவைச் செலவு பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதற்குப் பின்னால் வரும் ஒரு வருடம்தான் அவர்கள் தலையில் விழுகிறது. பஸ் செலவு, கூலி இழப்பு, ஆறே மாதத்தில் சின்னதாகிப் போகும் ஸ்பிளிண்ட். அறுவையால் தசை இன்னும் பலவீனமாகும் என்பதால் பலப்படுத்தும் பயிற்சி இல்லாவிட்டால் செய்த அறுவை வீண். 1940-களின் கடைசியில் வேலூரில் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிப்போன கைகளில் தசைநாரை இடம் மாற்றி அறுவை செய்தபோது, அறுவைக்கு முன்னும் பின்னும் பிசியோதெரபி அந்த வைத்தியத்தின் பகுதியாகவே இருந்தது. புதிய இடத்தில் வைத்த தசைக்குப் புதிய வேலையைச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் மண்ணில் நடந்த வேலை அது.

இன்றைக்கு நிலைமை அன்றைவிட மேல். 2013-ல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு வட்டார வள மையங்களில் பிசியோதெரபிஸ்டுகள் இருக்கிறார்கள், வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுப்பவர்களும் உண்டு. போதுமான அளவில் இல்லை, ஆனால் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருடைய பெயரும் போன் நம்பரும் குழந்தையின் நோட்டில் இல்லாமல் அறுவைக்குத் தேதி கொடுக்காதீர்கள். ஏ.எஃப்.ஓ.வுக்கு அளவு எடுக்க எங்கே போக வேண்டும் என்பதும் அன்றைக்கே முடிவாகட்டும். கட்டுப் பிரித்த பிறகு தேட ஆரம்பித்தால் இரண்டு மாதம் போய்விடும், அதற்குள் நீட்டிய தசை பழைய இடத்துக்குத் திரும்பும்.

கடைசியாக டிஸ்சார்ஜ் சம்மரி. எங்கள் கைக்கு வரும் பெரும்பாலான தாள்களில் அறுவையின் பெயர் ஒரு வரி, ‘பிசியோதெரபி செய்யவும்’ என்று ஒரு வரி. எந்தத் தசையை எந்த இடத்தில் நீட்டினீர்கள், எலும்பை எத்தனை பாகை திருப்பினீர்கள், உள்ளே தகடு இருக்கிறதா, எத்தனையாவது வாரத்தில் கால் ஊன்றலாம், முழங்காலை எவ்வளவு வரை மடக்கலாம், இரவில் எந்த ஸ்பிளிண்ட், அடுத்த எக்ஸ்ரே எப்போது. அரைப் பக்கம் போதும். உங்கள் உதவியாளர் எழுதினாலும் போதும், நீங்கள் ஒரு முறை பார்த்துக் கையெழுத்திடுங்கள். சந்தேகம் வந்தால் கூப்பிட ஒரு நம்பரையும் சேர்த்து எழுதுங்கள். மாதம் ஒரு முறை பிள்ளையின் வீடியோவையும் அளவுகளையும் அந்த நம்பருக்கு நாங்கள் அனுப்பிவைக்கிறோம்.

மரியாதையுடன்,
தென் மாவட்ட பிசியோதெரபிஸ்ட் ஒருவர்